காந்தம் இழுக்காத துகள்கள்

மகளின் நடையோடு இன்னொரு ஓசையும் சேர்ந்து வருவதை நான் முதன்முதலில் கேட்டது ஒரு பிற்பகலில். எங்கள் மலையில் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்கிவிடும். தேயிலைச் சரிவு முதலில் மறையும், பிறகு பாதை, பிறகு நம் கையே வெளிறித் தெரியும். தொழிற்சாலையில் வேலை முடிந்து குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். ஆள் தெரியவில்லை, செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. வலது அடி, இடது அடி. இடது அடி விழுந்து ஓய்ந்த பிறகு, சற்றுத் தள்ளி, 'நறுக்' என்று ஒன்று. யாரோ வாயை மூடிக்கொண்டு காய்ந்த அரிசியைக் கடிப்பதுபோல.

"கூட யாருடி வர்றது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லமா. நான் மட்டுந்தான்."

அவள் நின்றாள். அந்த ஓசையும் நின்றது.

மகளுக்கு இருபத்தேழு வயது. கம்போங் ராஜாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. சிறுவயதில் சிறுநீரக நோய் வந்து, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாள். சிறுநீரகம் பிழைத்தது, அந்த மாத்திரையால் இடது தொடை எலும்பின் தலை செத்துப்போனது. பள்ளிப் படிப்பு முடியும் வயதில் ஈப்போவில் அறுவை சிகிச்சை செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டு, அதன் உச்சியில் ஓர் உலோக உருண்டை. இடுப்பு எலும்பில் ஓர் உலோகக் கிண்ணம். உருண்டை கிண்ணத்தில் நேரடியாக உரசாமல் இருக்க, கிண்ணத்துக்கு உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஓர் உறை. அன்றிலிருந்து நன்றாக நடந்தாள். சரிவில் ஏறினாள், இறங்கினாள், கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்தாள். அவள் உடம்புக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்த ஓசையைக் கேட்டது நான் மட்டும் இல்லை. "டீச்சர், உங்க கால் பேசுது" என்று வகுப்பில் ஒரு குழந்தை சொல்லியிருக்கிறது. அதை அவள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து வீட்டில் இருக்கும் கங்காணி மனைவி சிரிக்கவில்லை. வேலியோரமாக என்னைக் கூப்பிட்டு, "ஒம் மவள முனியாண்டி கோயிலு பக்கமா தனியா அனுப்பாத. பின்னாடி எதுவோ ஒட்டிக்கிட்டு வருது. நானே கேட்டேன்லா. எலுமிச்சம்பழம் வாங்கிச் சுத்திப் போடு" என்றார்.

என் மகள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "பின்னாடி இல்ல ஆண்ட்டி, உள்ள!"

கங்காணி மனைவி சட்டென்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் என்னுள் தங்கிவிட்டது. வலி இருந்தால் மனசுக்குப் பிடிமானம் கிடைக்கும். அவளுக்கு வலியே இல்லை. உடம்பு ஒன்றுமே சொல்லாமல் அந்த ஓசையை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு வெள்ளையாக, நிறைவாக இருந்தது. புதிய படத்தில் கிண்ணத்தின் பின்னால் ஒரு கறுப்புக் குழி. அந்த இடத்தில் எலும்பு இல்லை. அடிபடவில்லை, முறியவில்லை, காய்ச்சல்கூட வரவில்லை. சத்தம் போடாமல் கரைந்திருக்கிறது.

இரண்டு காரணம் இருக்கலாம் என்றார். கிருமி நுழைந்திருக்கலாம், அல்லது மூட்டு தேய்ந்து அந்தத் தூள் சுற்றியுள்ள சதையில் இறங்கியிருக்கலாம். தேய்மானம் என்றால் பிளாஸ்டிக் உறையையும் உருண்டையையும் மட்டும் மாற்றி, குழியில் எலும்பு வைத்து நிரப்பிவிடலாம். கிருமி என்றால் தண்டு, கிண்ணம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் இடுப்பு வெறுமையாக இருக்கும். பிறகு புதிய மூட்டு வைக்க முயல்வார்கள். எலும்பு இவ்வளவு கரைந்திருக்கும்போது அது பிடிக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். இதை அவர் மலாயில் மிக மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

ஊசியால் மூட்டிலிருந்து நீரும், கூடவே சுற்றியிருந்த சதையில் ஒரு துணுக்கும் எடுத்தார்கள். நீர் இருந்த குழாயைத் தாதி எடுத்துப்போகும்போது பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீரில் சாம்பலைக் கரைத்த நிறம். அந்த நிறம் எனக்குத் தெரியும், இரும்புத்தூளின் நிறம்.

தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. இலையை நசுக்கிக் கிழிக்கும் உருளைகளுக்குப் பற்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று நெருங்கிச் சுழலும்போது இரும்பு மிக நுண்ணிய தூளாக உதிரும். அது தேயிலையோடு போய்விடக் கூடாது என்று வழி நெடுகக் காந்தங்கள் வைத்திருப்போம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்துத் தட்டில் பரப்பி, கைக்காந்தத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, தூளுக்குள் மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். தாளின் மேல் மெல்லிய தாடிபோல இரும்பு எழுந்து நிற்கும். காந்தத்தை உருவினால் தாடி அப்படியே தாளில் சாய்ந்துவிடும். புதிதாகப் பல் தீட்டிய உருளை என்றால் தாடி அடர்த்தியாக இருக்கும். இத்தனை வருடமாக இதையே செய்து வந்ததில், கறுப்பாகத் தெரிவது உலோகம், உலோகம் என்றால் காந்தத்துக்கு வரும் என்பது எனக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

நான் செய்ததை வேறு எந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கைக்காந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். வெள்ளைத் தாளில் சுற்றி, அவள் இடது இடுப்பின் மேல், பழைய தழும்பின் ஓரமாக, வேலையில் இழுப்பதைப்போலவே மெதுவாக இழுத்தேன். தோலுக்கு அடியிலிருந்து ஏதாவது என் கையைப் பிடித்து இழுக்கும் என்று எதிர்பார்த்தேன். வர வேண்டும் என்றும் ஆசை, வந்துவிடுமோ என்றும் நடுக்கம்.

ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, நான் என்ன தேயிலையா?"

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். காந்தத்தைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

"இல்லடி, சும்மா பாத்தேன்... இரும்புத்தூள் இருந்தா இழுக்கும்ல."

"லோரி ஓட்டுற அப்பாவுக்கு நான் லோரி, ஒனக்கு நான் தேயிலை. நல்ல குடும்பம்." சிரித்தாள். பிறகு கண்ணைத் திறந்து காந்தத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகப் போனது. "தூள வுடுமா. உள்ள இவ்ளோ பெரிய கம்பியே இருக்கே. அது ஏன் இழுக்கல?"

நான் மறுபடியும் வைத்தேன். தொடையின் நீளத்துக்குக் கீழே கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் பட்டாக்கத்திபோல வெள்ளையாகத் தெரிந்த அந்தத் தண்டு, விரலளவு ஆழத்தில் அங்கே இருக்க வேண்டும். காந்தம் என் கையில் செத்த எலிபோலக் கிடந்தது. அந்த ஒரு நிமிடம் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும். அப்படியானால் இத்தனை வருடம் இவளைத் தாங்கி நின்றது எது?

படித்தவள்தான் நான். எல்லா உலோகமும் இரும்பு இல்லை என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் பயம் வரும்போது பள்ளியில் படித்ததைவிடக் கை பழகியதுதான் முன்னால் வந்து நிற்கிறது. இரும்பு இல்லை, அப்படியானால் தூள் இல்லை, அப்படியானால் கிருமி. அன்று மாலைக்குள் அதை நான் முடிவே செய்துவிட்டேன். மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்த்துவிட்டேன். பாலர் பள்ளியின் படிகளில் யார் அவளைத் தூக்கி ஏற்றுவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி ஈப்போவுக்கு லோரி ஓட்டுகிறவர். முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிய சட்டையோடு வந்து உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"பேரிங் போச்சுனா கழட்டி மாத்திட்டு ஓட்டுறோம். அவ்ளோதான்லா. நீ ஏன் இஞ்சினே போச்சுன்னு அழுவுற?"

"காந்தத்துல ஒண்ணுமே வரலங்க."

"டாக்டர் காந்தம் வெச்சா பாத்தாரு? நீ வெச்ச." எழுந்து குளிக்கப் போனார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அவரும் உள்ளே சும்மா நின்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

முடிவு வரும்வரை எனக்கு எல்லாமே தேய்வதுபோல இருந்தது. கதவுக் கீல், தையல் மிஷின், சரிவில் இலை வெட்டும் இயந்திரம், என் முழங்கால். பனிக்குள்ளிருந்து இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வரும், அதைப் பிடித்திருக்கும் ஆட்கள் தெரியமாட்டார்கள். ஒன்றோடொன்று உரசும் எதுவும் கொஞ்சம் உதிராமல் இருப்பதில்லை, உதிர்ந்தது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்ற நினைப்பு விடவே இல்லை. மகளின் படுக்கை விரிப்பை உதறும்போது அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்து போனோம். மருத்துவர் பேச ஆரம்பிப்பதற்கு முன் என் மகள், அந்தச் சதையை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவரிடம் தானே பேச வேண்டும், முடிந்தால் தானும் பார்க்க வேண்டும் என்றாள். "என் ஒடம்புதானே டாக்டர்." அவர் கொஞ்சம் தயங்கினார், போன் செய்தார். எங்களைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள்.

நோய்க்கூறு மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். அவருடைய நுண்ணோக்கியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் பார்க்கலாம். மகள் முதலில் பார்த்தாள், பிறகு நான்.

"ஒண்ணு மொதல்ல சொல்லிடறேன், மூச்ச விடுங்க" என்றார் அவர். "கிருமி இல்ல. சீழ் அணு இருக்கான்னு தேடிட்டேன், இல்ல. வளர்த்துப் பாத்ததுலயும் எதுவும் வளரல."

நான் அழுதேனா என்று நினைவில்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

"அப்ப என்னது டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"பாருங்க."

பார்த்தேன். இளஞ்சிவப்பு. கோயில் பந்தலில் கட்டும் துணியைக் கசக்கி வைத்ததுபோல. அதில் வீங்கிய, நுரைத்த அணுக்கள். அங்கங்கே மிளகுத்தூளைவிட நுண்ணிய கறுப்புப் புள்ளிகள்.

"அந்தக் கறுப்பு, உலோகம். கொஞ்சந்தான். தண்டோட கழுத்து கிண்ணத்து விளிம்புல போய் இடிக்குது, அதுல வந்திருக்கும். நீங்க கேக்குற சத்தமும் அதான்."

"காந்தத்துக்கு வரலியே" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. மகள் நடந்ததைச் சொன்னாள். மருத்துவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது டைட்டானியம், கோபால்ட்-குரோமியம் கலவை. காந்தம் தொடாது. ஆனா அம்மா, ஒங்க மக எலும்ப அழிச்சது இந்தக் கறுப்பு இல்ல. அழிச்சது இன்னும் ஒங்க கண்ணுக்குத் தெரியல. தெரியுதா?"

மறுபடியும் பார்த்தேன். இளஞ்சிவப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"கண்ண எடுக்காதீங்க" என்றார். ஒளி வரும் வழியில் இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன, ஒன்றைத் திருப்பினால் சாதாரண வெளிச்சம் அடைபட்டுவிடும், சில பொருள்கள் மட்டும் அதை வளைத்து நம் கண்ணுக்கு அனுப்பும் என்று சொல்லிக்கொண்டே எதையோ திருப்பினார்.

சதை இருண்டது. அந்த இருட்டில், சற்றுமுன் ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், வெள்ளைச் சில்லுகள் எரிந்தன. ஊசிபோல, நார்போல, உடைந்த நகம்போல. எண்ணவே முடியாது. பூத்தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்குள் இரவில் விளக்குப் போட்டிருப்பார்கள். மலைப்பாதையில் லோரியிலிருந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் தெரியும். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே என் மகள்தான் இருந்தாள்.

"பிளாஸ்டிக்" என்றார். "உறையில இருந்து உதிர்ந்தது. மின்னுறது எல்லாம் பிளாஸ்டிக்கும் இல்ல. தையல் நூலு மின்னும், கையுறை மாவு மின்னும். வடிவத்தப் பாத்துத்தான் சொல்லணும். இது சந்தேகமே இல்ல."

தகட்டை மறுபடியும் திருப்பினார். சில்லுகள் அணைந்தன. இளஞ்சிவப்பு, ஒன்றுமறியாத இளஞ்சிவப்பு.

"எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள்.

"எங்கயும் போகல. அதே எடத்துலதான் இருக்கு."

"இன்னொரு தடவ திருப்புங்க" என்றேன். திருப்பினார். எரிந்தன. "மறுபடியும்." அணைந்தன. எத்தனை முறை கேட்டேனோ தெரியவில்லை. விளக்கை அணைத்தால் போய்விடும் என்று நம்பும் குழந்தை நான் இல்லை. ஆனாலும், ஒவ்வொரு முறையும் அணையும்போது போய்விட்டது என்றும், எரியும்போது இப்போதுதான் வந்தது என்றும் என் மனது நம்பியது.

ஒரு பெரிய அணுவைக் காட்டினார். பல அணுக்கள் ஒன்றாக ஒட்டிப் பெருத்தது. அதன் வயிற்றில் ஒரு நீளமான சில்லு.

"ஒடம்புக்கு இது என்னான்னு தெரியாது. முழுங்கிடும். ஆனா செரிக்காது. செரிக்காத கோவத்துல அது விடுற சாறுதான் பக்கத்துல இருக்குற எலும்பக் கரைக்குது. அப்புறம் அந்த அணு செத்துப்போகும். சில்லு வெளிய வரும். அடுத்தது வந்து முழுங்கும்."

"அது எப்ப டாக்டர் முடியும்?"

"புதுசா வர்றத நிறுத்தலாம். உறைய மாத்துனா வர்றது ரொம்பக் கொறஞ்சிரும். ஆபரேஷன்ல சொரண்டி எடுக்க முடியுறத எடுப்பாங்க." அந்தச் சில்லை மறுபடியும் சுட்டினார். "இங்க தெரியுறது பெரிசு. இதுலயும் தெரியாத சின்னது இன்னும் நெறைய இருக்கும். அதையெல்லாம் எடுக்க முடியாது."

என் மகள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "அழகா இருக்கு" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை என்னால் இன்றுவரை விளக்க முடியவில்லை. அவள் உடம்பு, அவள் பார்க்கிறாள். அழகாகத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. தண்டும் கிண்ணமும் உறுதியாகவே இருந்தன, அவற்றைத் தொடவில்லை. உறையையும் உருண்டையையும் மாற்றி, குழியை நிரப்பினார்கள். மருத்துவர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். என் கணவர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தெரிமா காசே டாக்டர், தெரிமா காசே" என்று விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய உறையைக் கேட்டு வாங்கியது மகள்தான். கழுவி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை இயன்முறைச் சிகிச்சையாளர் அவளை எழுப்பி நிற்க வைக்க வந்தபோது அந்தப் பை என் கையில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன வெள்ளைக் கிண்ணம். ஒருபக்கம் தடிமனாக இருந்தது. மறுபக்கம் தேய்ந்து தேய்ந்து, சன்னல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, பிறைபோல ஓர் இடம் குழிந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று, யாரோ பொறுமையாக நக்கித் தீர்த்ததுபோல இருந்தது. தொழிற்சாலையில் ஓர் உருளை தேய்ந்தால், தேய்ந்தது எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. இதில் தேய்ந்தது எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை.

"மெதுவா, மெதுவா, முழு வெயிட்டயும் போடலாம்" என்று சிகிச்சையாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றினாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையை விட்டாள். பிறகு இன்னொரு கையையும் விட்டாள்.

"நிக்குதும்மா" என்றாள். "பாத்தியா, நிக்குது."

"நிக்குதுடி" என்றேன். சிரிக்கவும் செய்தேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். அவள் நேராக, எதையும் பிடிக்காமல், தன் கால்களில் நின்றுகொண்டிருந்தாள். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதான், இது மட்டும்தான். அந்த நேரத்திலும் அவளுக்குள் எங்கோ ஓர் அணு ஒரு சில்லை விழுங்கிக்கொண்டிருந்திருக்கும். செரிக்காது என்று அதற்குத் தெரியாது.